துப்பாக்கியா, சாலையா: எதற்கு அதிகம் பயப்படுகிறோம்?

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அண்ணனோ அக்காளோ சொன்னால், வீட்டில் முதலில் என்ன பேச்சு எழும்? "ஐயோ, அங்கே கண்டபடி சுடுகிறார்களே!" அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர் என்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். திடுக்கிட வைக்கும் எண்தான். ஆனால், எத்தனை பேரில் 48,830? அப்போது அங்கே மக்கள்தொகை 33 கோடிக்கும் சற்று அதிகம். வகுத்துப் பாருங்கள்: 100,000 பேருக்கு ஏறக்குறைய 15 பேர்.

அடுத்து, அந்த எண்ணைப் பிரிப்போம். பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 26,328 பேர், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். இந்தப் பெரிய சோகம் நம் ஊர்ச் செய்திகளில் வருவதே அரிது. பிறரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 20,958 பேர். 100,000 பேருக்கு சுமார் 6. பொது இடத்தில் புகுந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுடும் சம்பவங்களில் அந்த ஆண்டு இறந்தவர்கள், எஃப்.பி.ஐ. கணக்குப்படி, 103 பேர். அம்மா தொலைக்காட்சியில் பார்த்தது பெரும்பாலும் இவற்றைத்தான்.

மனம் ஏன் இப்படி ஏமாறுகிறது? எளிதில் நினைவுக்கு வரும் ஒன்றை, அடிக்கடி நடக்கும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். உளவியலாளர்கள் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973இலேயே இதை எழுதிவிட்டார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2019இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். நம் மக்கள்தொகையோடு சேர்த்துக் கணக்கிட்டால் 100,000 பேருக்கு சுமார் 19. அமெரிக்காவின் மொத்தத் துப்பாக்கி மரணங்களின் விகிதத்தைவிட இது அதிகம்! இறந்தவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆனாலும், தலைக்கவசம் இல்லாமல் பக்கத்துக் கடைக்குப் போகும் பையனைப் பார்த்து யாரும் "ஐயோ" என்பதில்லை.

தவறான இடத்தில் பயந்தால் உயிரே போகலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்கர்கள் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் பயணம் செய்தார்கள். அடுத்த ஓராண்டில் இதனால் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் மாண்டதாக ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரன்சர் கணக்கிட்டார்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. சராசரி என்பது யாருடைய உண்மையான ஆபத்தும் இல்லை. 2021இல் மிசிசிப்பி மாநிலத்தில் துப்பாக்கி மரண விகிதம் 100,000 பேருக்கு 33.9, மாசசூசெட்ஸில் 3.4 மட்டுமே. ஒரே நாடு, பத்து மடங்கு வேறுபாடு. வயதும் கணக்கை மாற்றுகிறது. உங்கள் வயதினரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 19 வயது வரையிலான அமெரிக்கர்களின் உயிரை அதிகம் பறித்தது பல ஆண்டுகளாகச் சாலை விபத்துதான். 2020இல் அந்த இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டது.