உறை ஊற்ற ஒரு கிண்ணம் மணல்!

மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள்! கூடத்தில் பவளமும் வண்ண மீனுமாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் வீடுகளில் இதுதான் வழக்கு. 'லைவ் ஸாண்ட்' என்று ஈரத்தோடு பையில் அடைத்து விற்கிறார்களே, அந்த உயிர் மணலுக்கு உலர்ந்த மணலைவிடக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

மணலுக்கு ஏது உயிர் என்கிறீர்களா? உயிர் மணலுக்கல்ல, அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது மீனுக்கு விஷம். கடல்நீரின் காரத்தன்மையில் இன்னும் கடுமை. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் ஆகாது. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகே ஆபத்து தணியும். இந்தப் படை பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது.

பை மணல் வாங்கினால் காத்திருக்க வேண்டாமா? நாள் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். இந்த பாக்டீரியாவுக்குப் பிராணவாயு வேண்டும். காற்றுப் புகாத பை கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ! அசல் கடல் மணலில் நெளியும் சிறு புழுக்களும் இறால் இனத்துக் குட்டிப் பிராணிகளும் அதற்குள் பிழைப்பது துர்லபம். பையைக் கவிழ்த்த அன்றே மீனை விட்டுவிட்டு, அது செத்து மிதப்பதைப் பார்த்துக் குழந்தைகள் அழுவானேன்?

மெரினாவில் இல்லாத மணலா என்று வாளியோடு கிளம்பும் கணவரையும் தடுத்து நிறுத்துங்கள். பட்டணத்துக் கழிவு கலந்த மணல் தொட்டிக்கு ஆகாது. மன்னார் வளைகுடாப் பக்கமோ போகவே வேண்டாம். அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா!

தயிர் தோய்க்க ஒரு பானைத் தயிரா வாங்குகிறீர்கள்? ஒரு கரண்டி உறைமோர் போதுமே! மலிவான உலர்ந்த அரகோனைட் மணலை அலசிப் பரப்புங்கள். அது சுண்ணாம்பு ஜாதி மணல், பவளத்துக்கு ஏற்றது. நாட்பட்ட, நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் சிநேகிதியிடம் ஒரு கிண்ணம் மணல் வாங்கி, ஈரம் காயாமல் அன்றே மேலே தூவுங்கள். குழாய் ஜலத்தில் மட்டும் அதைக் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா பிழைக்காது. அப்படிச் சிநேகிதி யாரும் இல்லையென்றால், தேதி பார்த்து ஒரு சிறிய பை வாங்குவதில் தப்பில்லை.

பாக்டீரியாவுக்கும் ஆகாரம் வேண்டுமல்லவா? மீனே இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, இறங்கி, சோதனையில் பூஜ்யம் காட்டட்டும். பிறகு முதல் மீனை விடலாம். ஒன்றே ஒன்று!