எல்லைக் கதவும் கூலிக் கணக்கும்



அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்து பிழைப்பவர்களை என்ன செய்வது? இன்று பல நாடுகளில் தேர்தல் மேடைகளை ஆட்டிவைக்கும் கேள்வி இது. "எல்லையைத் திறந்து விடு" என்கிறார் ஒருவர். "இழுத்து மூடு" என்கிறார் இன்னொருவர். கூச்சலைத் தள்ளிவைத்து, நமக்குத் தெரிந்த வழியில் வரவு செலவு எழுதிப் பார்ப்போம். அதற்கு அமெரிக்கா, மெக்சிகோ கணக்கு நல்ல பாடம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வயல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று, 1942இல் அமெரிக்காவே மெக்சிகோ நாட்டவரை ஒப்பந்தத்தில் வரவழைத்தது. 'பிரசேரோ' திட்டம் என்று பெயர். 22 ஆண்டுகளில் போடப்பட்ட ஒப்பந்தங்கள் 45 லட்சத்துக்கு மேல். கூலியில் ஏமாற்றுகிறார்கள் என்று வந்தவர்கள் புலம்பினார்கள். எங்கள் கூலி குறைகிறது என்று உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1964இல் திட்டம் முடிந்தது. ஆனால் பயிர் விளைவது நிற்கவில்லை. அறுவடைக்கு ஆள் வேண்டியிருந்தது. சீட்டோடு வந்துபோன பலர், பிறகு சீட்டில்லாமல் வரத் தொடங்கினார்கள்.

1986இல் அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்கு அதனால் சட்டப்படி தங்கும் உரிமை கிடைத்தது. இனிமேல் தெரிந்தே சீட்டில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் என்றும் சொன்னது அச்சட்டம். ஆனால் ஆள் காட்டும் காகிதம் பார்வைக்குச் சரியாக இருந்தால் முதலாளிக்கு அது போதும். போலிக் காகித வியாபாரம் செழித்தது. 2007 வாக்கில் சீட்டில்லாதவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

1990களில் எல்லைக் காவலை இறுக்கினார்கள். அதிலும் ஒரு வினோதம். பருவத்துக்கு வந்து வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள், போனால் மறுபடி வர முடியாதே என்று குடும்பத்தையும் வரவழைத்துத் தங்கிவிட்டார்கள்.

இனி இரு தரப்பையும் கேட்போம். திறக்கச் சொல்பவர்கள், ஆள் வந்தால் வேலை நடக்கும், விலை இறங்கும், வந்தவனும் நம் கடையில்தான் அரிசி வாங்குவான் என்கிறார்கள். மூடச் சொல்பவர்கள், முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருப்பவன் ஏமாளியா, ஏழை உள்ளூர்த் தொழிலாளியின் கூலி என்னாவது என்கிறார்கள். மெக்சிகோ வம்சாவளியினரான தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸே, வேலைநிறுத்தத்தை உடைக்கச் சீட்டில்லாத ஆட்களை இறக்குவதை எதிர்த்தவர். ஆகவே இதை வெறும் இனத் துவேஷம் என்று ஒதுக்க முடியாது.

படித்தவர்களும் ஒன்றுபடவில்லை. 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தங்கிய மயாமி நகரில் கூலி குறையவில்லை என்று 1990இல் எழுதினார் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு. அதே நகரத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி நன்றாகவே விழுந்தது என்று பின்னாளில் மறுத்தார் ஜார்ஜ் போர்ஹாஸ். அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகச் சிலர் என்று அவரையும் மறுத்தார்கள்.

ஒன்று மட்டும் நம் தொழில் அனுபவத்துக்கு எட்டுகிறது. பில் போடாமல் விற்பவன், வரி கட்டும் கடைக்காரனை விட விலை குறைத்து விற்கிறான். அது அவன் திறமை அல்ல, கட்டாத வரி. சீட்டில்லாத ஆளை வைத்திருப்பவனுக்கும் கூலி குறைகிறது. அதுவும் திறமை அல்ல. அந்த ஆளின் பயம். கூலி பாக்கி என்று போலீசுக்குப் போனால் நாடு கடத்துவார்களே என்ற பயம். அந்தப் பயத்தில் லாபம் பார்ப்பவனோடு, நியாயக் கூலி கொடுப்பவன் எப்படிப் போட்டி போடுவான்?

நம் பக்கத்திலேயே திறந்த எல்லை ஒன்று உண்டு. 1950 ஒப்பந்தத்தின்படி இந்தியரும் நேபாளியரும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்துபோகிறார்கள். இங்கே வேலை செய்யும் நேபாளத் தொழிலாளி ஏழையாக இருக்கலாம். ஆனால் சட்டத்துக்கு ஒளிய வேண்டியவர் அல்லர். கூலி பாக்கியைத் தைரியமாகக் கேட்கலாம்.

கதவை அகலத் திறப்பதா, குறுக்குவதா என்பது அந்தந்த நாட்டு மக்கள் தீர்மானிக்க வேண்டியது. எத்தனை பேர் வந்தாலும் பேரேட்டில் பதிந்து வரட்டும். பதியாத ஆளை வைத்து லாபம் பார்த்த முதலாளியை முதலில் கேட்கட்டும். ஓடி வந்தவனை மட்டும் பிடிப்பது, கள்ளச் சரக்கு வாங்கியவனை விட்டுவிட்டு வண்டி ஓட்டியவனைத் தண்டிப்பது போன்றது.

சரக்கு என்றால் வேண்டாதபோது திருப்பி அனுப்பலாம். மனிதன் வேர் விட்டுவிடுவான். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்தவர்கள் நம்மவர்கள். 1964இல் பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 'வந்தேறி' என்று யாரையும் பேசுமுன் அதை நினைப்பது நமக்கு அழகு.