தன் நினைவைத் தானே திருத்தும் சில்லு

சலவை இயந்திரம் எப்போது நீரை நிரப்ப வேண்டும், எப்போது சுழல வேண்டும் என்று கட்டளையிடுவது அதனுள் இருக்கும் சிறு சில்லு ஒன்றாகும். இதனை மைக்ரோகன்ட்ரோலர் என்பர். இதற்கான கட்டளைத் தொடர், அதாவது நிரல், சில்லின் உள்ளேயே பதிந்திருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அழிவதில்லை. ஆயினும், கணிப்பொறியிலிருந்து சில நொடிகளில் அதை நீக்கிப் புதிய நிரலைப் பதிக்க முடியும். எவ்வாறு? மாணவர் பலர் கையாளும் ஆர்டுவினோ ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பைக் கொண்டு காண்போம்.

இப்பலகையில் உள்ள சில்லு ஏடிமெகா 328பி. இதன் ஃபிளாஷ் நினைவகத்தில் 32,768 பைட்டுகள் உள்ளன. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள் அல்லவா? ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர். அதனுள் நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்ட கடத்தி ஒன்று உண்டு. அங்கே எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருந்தால் 0, இல்லையெனில் 1. வெளியேற வழியின்மையால் அவை பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். வலிய மின்புலத்தை ஏற்படுத்தினால் மட்டுமே மெல்லிய சுவரை ஊடுருவிச் செல்லும். அதற்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைச் சில்லே தன்னுள் உண்டாக்கிக்கொள்கிறது.

எழுதும்போது 1 என்பதை 0 ஆக்கலாம். 0 என்பதை மீண்டும் 1 ஆக்க, 128 பைட்டுகள் கொண்ட ஒரு பக்கம் முழுவதையும் அழித்தாக வேண்டும். முன்னாளைய சில்லுகளைப் பலகையிலிருந்து கழற்றி, புற ஊதா ஒளியில் ஏறத்தாழ இருபது நிமிடம் வைத்தே அழித்தனர். மின்சாரத்தாலேயே ஒருசேர அழிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்தார்.

இனி, நிரல் வந்து சேரும் வழியைப் பார்ப்போம். பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; நொடிக்கு 1,15,200 பிட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கக்குறி ஒன்று, முடிவுக்குறி ஒன்று சேர்த்துப் பத்துப் பிட்டுகள். எனவே நொடிக்கு 11,520 பைட்டுகள். நினைவகம் முழுவதற்குமான செய்தி மூன்று நொடிக்குள் வந்துவிடும்!

ஆனால் ஓர் ஐயம் எழும். வரும் பைட்டுகளை வாங்கி எழுதுவதற்கும் ஒரு நிரல் வேண்டுமே! அதுவும் அதே நினைவகத்தில்தானே இருக்கும்? தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுவது போலாகாதா?

இதற்காகவே நினைவகத்தின் கடைசி 512 பைட்டுகளில் 'பூட்லோடர்' என்னும் சிறு நிரல் குடியிருக்கிறது. அப்பகுதி பூட்டப்பட்டது, தன்னைத் தானே அழித்துக்கொள்ள முடியாது. கணிப்பொறி சில்லை மறுதொடக்கம் செய்தவுடன் முதலில் விழிப்பது இதுவே. செய்தி வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருக்கும். வராவிட்டால் வழக்கமான நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். வந்தால் 128 பைட்டுகளைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்து, பழைய பக்கத்தை அழித்து, புதியதை எழுதும். இறுதியில் கணிப்பொறி அனைத்தையும் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் பிழை வெளிப்பட்டுவிடும்.

பாதி எழுதும்போது மின்சாரம் நின்றுவிட்டால்? புதிய நிரல் குறையாக நிற்கும். சில்லு தன் வேலையைச் செய்யாது. எனினும் பூட்லோடர் பிழைத்திருப்பதால், மின்சாரம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பதித்துக்கொள்ளலாம். அந்த 512 பைட்டுகளே சில்லின் உயிர்நாடி எனலாம்.

இவ்வாறு எத்தனை முறை எழுதலாம்? ஒவ்வொரு முறையும் எலெக்ட்ரான்கள் ஊடுருவுவதால் மின்காப்புச் சுவர் சிறிது தேய்கிறது. 10,000 முறை வரை தாங்கும் என்று சில்லின் விவரக்குறிப்பு கூறுகிறது. நாளைக்குப் பத்து முறை எழுதினாலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வரும்!

அப்படியாயின், பூட்லோடரை முதன்முதலில் எழுதியது யார்? அதற்குச் சில்லின் குறிப்பிட்ட சில கால்கள் பயன்படுகின்றன. அவற்றில் வேறொரு கருவியை இணைத்து அதனைப் பதிக்கின்றனர். தானே கற்கும் சில்லுக்கும் முதற்பாடத்தைப் பிறர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!