பள்ளிக்கூடத் தேர்தலில் ஜெயித்த பெசன்ட் அம்மையார்!

சகோதரிகளே, சென்னைக்குப் போய் வந்தவர்களுக்குப் பெசன்ட் நகர் என்றதும் அஷ்டலட்சுமி கோயிலும், வேளாங்கண்ணி மாதா கோயிலும், கடற்கரையும், சுடச்சுட மிளகாய் பஜ்ஜியும் ஞாபகம் வரும். ஆனால், அந்த 'பெசன்ட்' யார் என்று கேட்டால், "சுதந்திரத்துக்குப் பாடுபட்ட வெள்ளைக்கார அம்மா" என்பதோடு நிறுத்திக் கொள்வோம்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். எனக்கும் பாடப் புத்தகத்தில் வந்த 'ஹோம் ரூல்' இயக்கம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் கிளை நூலகத்தில் அவரைப் பற்றிப் படித்தபோதுதான், இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அவர் லண்டனில் ஒரு தேர்தலில் நின்று ஜெயித்தவர் என்று தெரிந்தது. அது என்ன தேர்தல் தெரியுமா? பள்ளிக்கூட போர்டு தேர்தல்!

இங்கிலாந்தில் 1870ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த, அந்தந்தப் பகுதி மக்களே ஓட்டுப் போட்டு ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதவிக் காலம் மூன்று வருடம். அப்போது அந்த நாட்டுப் பெண்களுக்குப் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டே கிடையாது. 1918ல்தான் கிடைத்தது; அதுவும் 30 வயதான பெண்களுக்கு, சில நிபந்தனைகளோடு. ஆனால், இந்தப் பள்ளிக்கூட போர்டுக்குப் பெண்கள் நிற்கலாம். வீட்டு வரி தன் பெயரில் கட்டுகிற பெண் ஓட்டும் போடலாம். கல்யாணமான பெண்களுக்கு வீடு புருஷன் பெயரில் இருக்குமே, அதனால் பெரும்பாலும் ஓட்டு இருக்காது.

சின்னக் கதவுதானே என்று யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. 1870ல் லண்டனில் நடந்த முதல் தேர்தலிலேயே எலிசபெத் காரெட் என்ற டாக்டரம்மா, 47 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். பதினெட்டு வருடம் கழித்து, அதே போர்டுக்கு நின்றவர்தான் அன்னி பெசன்ட்.

அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1867ல் ஒரு பாதிரியாரை மணந்தார். ஒத்துப்போகவில்லை. 1873ல் பிரிந்தார்கள். மகன் அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம். 1877ல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டதற்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அதையும், அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக அப்போது இருந்ததையும் காரணம் காட்டி, 1878ல் கோர்ட்டு மகளையும் பிரித்துத் தகப்பனிடம் கொடுத்து விட்டது. அப்போது அந்தக் குழந்தைக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. பெற்ற பிள்ளையை வளர்க்கத் தகுதியில்லை என்று ஒரு தாயைப் பார்த்துச் சொன்னால், நாமெல்லாம் எழுந்திருப்போமா?

அவர் எழுந்தார். 1888ல் கிழக்கு லண்டனில், 'பிரையன்ட் அண்டு மே' தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் குறைந்த கூலியையும், தொட்டதற்கெல்லாம் பிடித்த அபராதத்தையும் பத்திரிகையில் எழுதினார். ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் வேலையை நிறுத்தி, ஜெயித்தார்கள். எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். பக்கத்து வீடுகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். லண்டனிலும் அந்தக் காலத்தில் தாயும் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்களாம். படித்தபோது எனக்கு எங்கள் தெருவே கண்முன் வந்தது.

அந்த வருடம் நவம்பரில், ஏழைத் தொழிலாளிகள் நிறைந்த டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் பள்ளிக்கூட போர்டுக்கு நின்றார். தலையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய்ப் பேசினார். பசித்த வயிற்றோடு எந்தக் குழந்தையும் வகுப்பில் உட்காரக் கூடாது என்பதுதான் அவருடைய முக்கியப் பேச்சு. ஓட்டு உள்ளவர்கள் எனக்குப் போடுங்கள், ஓட்டு இல்லாதவர்கள் எனக்காக வேலை செய்யுங்கள் என்றும் கேட்டார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! ஓட்டில்லாத தாய்மாருக்கும் அந்தத் தேர்தலில் ஒரு வேலை கொடுத்து விட்டார்.

அந்தத் தேர்தலில் ஒரு வேடிக்கையான முறை உண்டு. நாலு உறுப்பினர் தேவை என்றால், ஆளுக்கு நாலு ஓட்டு. நாலையும் நாலு பேருக்குப் பிரித்தும் போடலாம். ஒருவருக்கே மொத்தமாகவும் போடலாம். பெசன்ட் அம்மையாருக்கு 15 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு விழுந்து, அந்தப் பகுதியில் முதலிடத்தில் வந்தார். தன் பிள்ளையை வளர்க்கக் கூடாது என்று பத்து வருடத்துக்கு முன்பு தடுக்கப்பட்ட தாய், ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கவனிக்க அதே லண்டனில் உறுப்பினரானார்!

பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு, எல்லாப் பிள்ளைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை, போர்டுக்கு வேலை செய்து கொடுக்கும் கான்ட்ராக்டர்கள் தொழிலாளிக்கு நியாயமான கூலி... இதற்கெல்லாம் போர்டில் வாதாடினார். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளும் வாராவாரம் ஃபீஸ் கட்ட வேண்டும். அதை எடுக்க வேண்டும் என்றும் பேசினார். 1891ல் வந்த சட்டத்தால் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் ஃபீஸ் நின்றது. பள்ளியில் சாப்பாடு போட 1906ல் சட்டம் வந்தது. இவர் ஒருவரால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. பேசிய குரல்களில் இவருடையதும் ஒன்று.

1889ல் தியாசபிகல் சொசைட்டியில் சேர்ந்தார். மூன்று வருடப் பதவி முடிந்ததும், மறுபடி நிற்கவில்லை. 1893ல் நம்ம தூத்துக்குடியில் வந்து இறங்கினார். பிறகு அடையாறு அவருக்கு வீடானது. 1917ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி அவர்தான். 1933ல் அடையாறிலேயே காலமானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920ல், ஆயிரம் விளக்கில் மதிய உணவு ஆரம்பித்தவர் நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார். அரசியலில் அவரும் பெசன்ட் அம்மையாரும் எதிரெதிர் பக்கம். ஆனாலும், பிள்ளையின் பசி என்றதும் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதானே!

சரி, இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? நமக்கும் அப்படியொரு நாற்காலி இருக்கிறது, சகோதரிகளே! 2009ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் 'பள்ளி மேலாண்மைக் குழு' இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும், பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடவும் அதற்கு உரிமை உண்டு.

ஆனால், நடப்பது என்ன? எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில், மனைவி உறுப்பினர், கூட்டத்துக்கு வருகிறவர் புருஷன்! வருகிற பெண்களும் கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி விடுவார்கள். நான் உறுப்பினரானதும் என் மாமியார்கூட, "உலையை வச்சுட்டு மீட்டிங்குக்குப் போறியாக்கும்?" என்று கேட்டார். "உங்க பேத்திக்காகத்தான் போறேன் அத்தை" என்றேன்.

பொய்யில்லை. பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஏழாவது படிக்கும் என் மகள், பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீர்கூட குடிக்க மாட்டாள். கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு அம்மாக்கள், "ஆமா, எங்க பிள்ளையும் இப்படித்தான்" என்றார்கள். அதை நோட்டில் எழுத வைத்தோம். அடுத்த கூட்டத்தில் நோட்டைக் காட்டி மறுபடி கேட்டோம். மூன்றாவது கூட்டத்துக்குள் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

தாழ்ப்பாள்தானே என்று சிரிக்காதீர்கள். சத்துணவில் பருப்பு வெந்திருக்கிறதா, குடிதண்ணீர் வருகிறதா, பிள்ளை ஏன் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆகவே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் குழுவுக்கு ஆள் எடுக்கும் அன்று, அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். பெயர் கொடுங்கள். உறுப்பினரானால், வீட்டுக்காரரை அனுப்பாமல் நீங்களே போய், தேவையானதைக் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுத வையுங்கள். நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, சாத்தூர்.