'பாஸ் அவுட்' ஆனவர்கள் மயங்கியவர்களா?

புனே விமான் நகரில் சிம்பயாசிஸ் கல்லூரிகளும் ஐ.டி. அலுவலகங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே வேலை தேடுபவரின் பயோடேட்டாவில் '2024 பாஸ் அவுட்' என்றொரு வரி இருக்கும். ஆளெடுக்கும் கம்பெனியின் விளம்பரமும் அப்படித்தான் கேட்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார்கள் மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்கள். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது, நீ காலேஜில் மயங்கியா விழுந்தாய் என்பது அவர்களின் பழைய கேலி. சுவையான கேலிதான், ஆனால் பாதிதான் உண்மை.

மறுபாதிக்குச் சாட்சி அதே புனேயின் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. 1955 ஜனவரியில் திறக்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்த கேடட்கள் கேத்தர்பால் மைதானத்தில் அணிவகுத்து, 'அந்திம் பக்' எனப்படும் கடைசி அடியை வைத்து வெளியேறுகிறார்கள். அந்த விழாவின் பெயரே 'பாஸிங் அவுட் பரேடு'. 2025 மே 30 அன்று முதன்முறையாக 17 பெண்கள் அப்படி வெளியே வந்தார்கள். மயங்கியதற்காக அல்ல, தேறியதற்காகத்தான் நாடு கைதட்டியது. சென்னை பரங்கிமலை ராணுவ அகாடமியிலும் அதே பெயர்தான். இது பிரிட்டிஷ் ராணுவம் விட்டுச்சென்ற வழக்கு. பிரிட்டனில் போலீஸ், தீயணைப்புப் பயிற்சி முடிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறார்கள். அங்கத்திய அகராதிகளிலும் இந்தப் பொருள் உண்டு.

ராணுவத்துக்குச் சரி, பி.காம். படித்தவருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடக்வாஸ்லா அகாடமியே பட்டமளிப்பு விழாவைப் பரேடுக்கு முந்தைய நாள் தனியாக நடத்துகிறது. ஆனால் இத்தகைய கூட்டு வினைகள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. 'டேக் ஆஃப்' என்பதையே பாருங்கள்: புனேயின் லோஹேகாவ் ஓடுதளத்தில் விமானம் கிளம்புவது, ஷூவைக் கழற்றுவது, ஒருநாள் லீவு எடுப்பது எல்லாம் அதில் அடக்கம். எது எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அதுபோல 'பாஸ் அவுட்' பக்கத்தில் கல்லூரியின் பெயரும் வருஷமும் இருந்தால், இந்தியாவில் யாரும் தண்ணீர் தெளிக்க ஓடி வருவதில்லை. படைமுகாமிலிருந்து கல்லூரிக்கு வந்த இந்த வழக்கை இந்திய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து என்றே நான் கொள்வேன்.

அமெரிக்கர் விஷயம் வேறு. அவருக்குப் பயிற்சி முடித்தல் என்ற பொருள் பழக்கமே இல்லை. 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று கேட்டால் திகைக்கத்தான் செய்வார். ஆகவே பயோடேட்டா அமெரிக்காவுக்குப் போவதென்றால் 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிவிடுங்கள். விமான் நகரைத் தாண்டாதென்றால் கை வைக்க வேண்டாம்.