கூட்டு வில்லின் பிழை பொறுக்கும் தன்மை

கூட்டு வில்லின் பிழை பொறுக்கும் தன்மை என்பது, எய்பவர் செய்யும் சிறு தவறுகள் அம்பு தைக்கும் இடத்தை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்பதைக் குறிக்கும் வழக்காகும். ஒரே அளவு தவறு நேரும்போது அம்பு குறைவாக விலகினால் அது பிழை பொறுக்கும் வில் எனப்படுகின்றது. இதனை அளக்கத் தனி அலகு எதுவும் இல்லை. வில்லை விற்பவர்கள் இதனை ஒரே பண்பு போலக் கூறுவதுண்டு. ஆயினும் பிடியில் நேரும் தவறும் தொலைவைக் கணிப்பதில் நேரும் தவறும் வெவ்வேறானவை. ஒன்றைப் பொறுப்பதற்காகச் செய்யப்படும் மாற்றம் மற்றொன்றைப் பொறுக்காத வில்லைத் தரக்கூடும்.

அமைப்பு

கூட்டு வில் (காம்பவுண்டு வில்) அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஆலெசு வில்பர் ஆலன் என்பவரால் உருவாக்கப்பட்டது. அவர் 1966 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969 இல் வழங்கப்பட்டது. இவ்வில்லின் இரு முனைகளிலும் கேம் எனப்படும், மையம் விலகிய சக்கரங்கள் உள்ளன. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்க விசை கூடிக்கொண்டே செல்லும். கூட்டு வில்லிலோ விசை உச்சத்தை எட்டியபின் திடீரெனக் குறைகின்றது. எடுத்துக்காட்டாக, 60 இறாத்தல் (ஏறத்தாழ 27 கிலோகிராம்) உச்ச விசையும் 80 விழுக்காடு தளர்வும் உடைய வில்லை முழுதும் இழுத்தபின், கையில் தாங்க வேண்டியது 12 இறாத்தல் மட்டுமே. எய்பவர் நடுக்கமின்றி நின்று குறிபார்க்க முடிவதால், இவ்வில்லின் பிழை பொறுக்கும் தன்மையில் பெரும்பங்கு இந்தத் தளர்வைச் சார்ந்தது எனலாம். நாணை விரலால் விடாமல் ரிலீஸ் எனும் கருவியால் விடுவதும், கண்ணுக்கு நேராக நாணில் ஒரு சிறு வளையம் பொருத்தப்படுவதும் இதற்கு மேலும் உதவுகின்றன.

பிடியில் நேரும் தவறு

வில்லைப் பிடித்த கை சற்றே முறுக்கினால் வில் திரும்பி, நாணும் அம்பின் வாலும் பக்கவாட்டில் நகர்கின்றன. 70 செ.மீ. நீளமுள்ள அம்பின் வால் 1 மி.மீ. விலகி, அம்பு அதே கோணத்தில் பறப்பதாகக் கொள்வோம். 20 மீட்டரில் அது 2.9 செ.மீ. தள்ளித் தைக்கும், 50 மீட்டரில் விலகல் 7.1 செ.மீ. ஆகும். பன்னாட்டுக் கூட்டு வில் போட்டிகளில் 50 மீட்டர் தொலைவில் வைக்கப்படும் இலக்கின் 10 புள்ளி வட்டம் 8 செ.மீ. விட்டமே உடையது. எனவே நடுவைக் குறிபார்த்தவரின் அம்பு இந்த ஒரு மில்லிமீட்டரால் 9 புள்ளி வளையத்துக்குச் சென்றுவிடும்.

நீளமான வில் இத்தகைய முறுக்கலுக்கு எளிதில் அசைவதில்லை. நிறை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி உள்ளதோ, அத்தொலைவின் இருமடிக்கு ஏற்பச் சுழற்சித் தடை கூடுவதே காரணம். வில்லின் முன்னே நீட்டப்படும் நிலைப்படுத்தும் தண்டும் இதே வேலையைச் செய்கின்றது. வேட்டை வில் மரங்களுக்கிடையே கொண்டு செல்ல ஏற்றவாறு அச்சுக்கு அச்சு 28 முதல் 34 அங்குலமாகச் சிறுத்திருக்கும். போட்டி வில் பெரும்பாலும் 36 அங்குலத்துக்கு மேற்பட்டது.

பிடிக்கும் ஓய்விலுள்ள நாணுக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்தால், நாண் அம்பைத் தள்ளும் தூரம் கூடி வேகம் பெருகும். அதே வேளை, அம்பு நாணில் அதிக நேரம் இருப்பதால் தவறு கூடுகின்றது என்பது வழக்கமான விளக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் இது முழுமையாகப் பொருந்தவில்லை. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் கூடுதலான ஓர் அங்குலத்தைக் கடக்க 0.3 மில்லிநொடியே ஆகும். அம்பு நாணில் இருக்கும் மொத்த நேரமோ பத்து மில்லிநொடிக்கும் மேல். பிடியின் இருப்பிடமே இதைவிடக் கருதத்தக்கது. வேகமான வில்களில் பிடி, கைகள் பொருந்தும் இடத்தைவிட எய்பவர் பக்கமாகப் பின்தள்ளி அமைவதுண்டு. அப்போது சிறு முறுக்கலும் எளிதில் பெரிதாகின்றது. மேலும் அவற்றின் கேம்கள் விசையைத் திடீரென ஏற்றுவதால், முழு இழுப்பில் கை சில மில்லிமீட்டர் முன்னே நழுவினாலும் அம்பின் வேகம் மாறிவிடும்.

தொலைவில் நேரும் தவறு

30 மீட்டருக்கெனக் குறிவைத்து எய்யப்பட்ட அம்பு, உண்மையில் 33 மீட்டரில் உள்ள இலக்கில் தாழ்ந்து தைக்கும். காற்றுத்தடையை விட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு 85 மீட்டர் வேகமுள்ள அம்பு 6.7 செ.மீ. தாழும், 75 மீட்டர் வேகமுள்ளது 8.6 செ.மீ. தாழும். வேகம் இங்கே பிழையைப் பொறுக்கின்றது, ஆனால் ஈட்டியது 2 செ.மீ. அளவே. இதே 30 மீட்டரில் மேற்கூறிய ஒரு மில்லிமீட்டர் முறுக்கல் 4 செ.மீ.க்கு மேல் விலக்கும். லேசர் தொலைவுமானி பயன்படுத்துவோருக்கு வேகத்தின் நன்மை மேலும் சுருங்குகின்றது.

வேட்டை அம்பின் அகன்ற அலகு காற்றில் சிறு இறக்கை போலச் செயற்பட்டுச் சாய்வைப் பெரிதாக்கும். உயிரினத்தின்மீது எய்யும்போது சில செ.மீ. விலகல் என்பது புள்ளி இழப்பன்று. விலங்கு காயத்துடன் தப்பி நெடுநேரம் துன்புற்று இறப்பதாகும்.

இந்தியாவில்

சவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டார நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைக் காணலாம். இன்று அம்மலையடிவாரத்தின் ஒடுகத்தூர்ப் பகுதிக் காடுகளிலும் நாட்டின் பிற காடுகளிலும் மான், காட்டுப்பன்றி முதலியவற்றை வேட்டையாடுவது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும், வில்லுக்கு விலக்கில்லை. ஆகவே இந்தியாவில் கூட்டு வில்லின் இடம் விளையாட்டுத் திடலே. அங்கே தொலைவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால், வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்து நீளமான வில்லைத் தேர்வதே வழக்கம்.

2023 இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தளேயும் தனிநபர் தங்கம் வென்றனர். அதே ஆண்டில் காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கூட்டு வில்லுக்கான ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. கைகளின்றிப் பிறந்த சீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கி, தோளில் கட்டிய பட்டையோடு இணைந்த ரிலீசால் நாணை இழுத்து, 2024 பாரிசு பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். சாதாரண வில்லாயின் குறிபார்க்கும் நேரம் முழுதும் உச்ச விசையைக் காலும் தோளும் தாங்க வேண்டியிருக்கும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கூட்டு வில் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.