பலூன் ஏன் சிலூன் ஆனது?

படம் கிடையாது, மவுஸ் கிடையாது, எழுத்து மட்டும்தான் உலகம். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' கேம் அப்படிப்பட்டதுதான். பின்னாடி வந்த 'மஷ்', 'மூ' வகை உலகங்களில் விளையாட வர்றவங்களே இடங்களைக் கட்டி, அதுக்கு வர்ணனையும் எழுதலாம்.

எழுதினதுல ஒரு சொல்லை மாத்தணும்னா? கமாண்ட்தான் வழி. மஷ்ஷில் பழையது, புதியது ரெண்டுக்கும் நடுவில் காற்புள்ளி போடணும். தேடுற வரியிலேயே காற்புள்ளி இருந்தா குழப்பம்தான். யுனிக்ஸின் பழைய 'எட்' எடிட்டரில் சாய்கோடு போடுவாங்க. அது ஒத்துவரலைன்னா வேற குறியும் வெச்சுக்கலாம். இந்த வசதி நல்லது.

ஆனா தமிழில் பிரச்சினை இதோட முடியாது. நம்ம ஒகேனக்கல்லை இப்படி ஓர் உலகமா கட்டுறோம்னு வைங்க:

"படகுத்துறையில் பல படகுகள் நிற்கின்றன. கரையில் ஒருவர் பலூன் விற்கிறார். படகில் ஏறலாம்."

'படகு' என்பதைப் 'பரிசல்' என்றும், 'பல' என்பதைச் 'சில' என்றும் மாத்தச் சொன்னா கிடைப்பது:

"பரிசல்த்துறையில் சில பரிசல்கள் நிற்கின்றன. கரையில் ஒருவர் சிலூன் விற்கிறார். படகில் ஏறலாம்."

மூணு தப்பு. யூனிகோடில் 'லூ' ஒரே எழுத்தா இல்லை. 'ல', அதன்பின் ஊகாரக் குறி. அதனால 'பலூன்' உள்ளே 'பல' கிடைச்சிடுது. 'முழுச் சொல் மட்டும் தேடு'ன்னு சொன்னாலும் பைத்தானின் வழக்கமான ரீஜெக்ஸ் இங்கே ஏமாறும். உயிர்மெய்க் குறியை அது சொல்லின் பகுதியாவே எண்ணாது. 'படகில்' தப்பியது 'கு' 'கி' ஆனதால. 'பரிசல்த்துறை' சந்தி செய்த வேலை.

அதனால கமாண்டை இப்படி வடிவமைக்கலாம்:

1. பொருத்தத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தா, அதைப் பொருத்தமா எடுக்கக் கூடாது. பலூன் தப்பிச்சிடும்.

2. மாத்துறதுக்கு முன்னாடி, எத்தனை இடம், எந்தெந்த வரின்னு காட்டி 'சரியா?'ன்னு கேட்கணும். சந்தித் தப்பு அங்கேயே கண்ணில் படும்.

3. 'படக' வரை ஒத்துப்போற சொற்களைத் தனியா காட்டணும். தானா மாத்தக் கூடாது. 'படகில்' எப்படி மாறணும்னு எழுதினவர் முடிவு பண்ணட்டும்.

4. ஒரே சொல்லில் பழைய நிலைக்குத் திரும்ப வழி வேணும்.

இதில் நாலாவதை மட்டும் விட்டுடாதீங்க. இந்த உலகத்தில் மாத்தின வரி அடுத்த நொடியே அங்கே வர்ற எல்லார் கண்ணுக்கும் தெரியும். திரும்பப் போக வழி இருந்தாத்தான் புதுசா வர்றவர் பயமில்லாம எழுதுவார்.